கடல் மின்னினால் செல்ஃபி, மீன் செத்தால் மர்மமா?

2019 ஆகஸ்ட்டில் ஓர் இரவு, சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் கடற்கரைகளில் அலைகள் நீல நிறத்தில் மின்னின. வாட்ஸ்அப் முழுக்க அதே வீடியோதான். ‘செம சீன்’ என்று குடும்பத்தோடு கிளம்பிப் போய்ப் பார்த்தவர்கள் பலர். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல்நீர் பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின.

இரண்டு இடத்திலும் ஆய்வாளர்கள் கைகாட்டியது ஒரே உயிரியைத்தான். பெயர் நாக்டிலூகா சின்டிலன்ஸ். ஒரே ஒரு செல் கொண்டது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அலை அடித்து அதை உலுக்கும்போது உடலுக்குள் ஒரு வேதிவினை நடந்து வெளிச்சம் வருகிறது. அளவோடு இருக்கும்வரை அழகுதான். கோடிக்கணக்கில் பெருகினால் கதை வேறு.

மன்னார் வளைகுடாவில் நடந்தது ஒருவகை மூச்சுத்திணறல். இரவில் ஒளிச்சேர்க்கை கிடையாது, ஆனால் சுவாசம் நிற்காது. பெருகிய கூட்டம் மொத்தமாகச் செத்து அழுகும்போது, அதைத் தின்னும் பாக்டீரியாக்களும் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். அந்த முறை ஒரு லிட்டர் நீரில் ஆக்சிஜன் 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதையும், அக்ரோபோரா போன்ற வேகமாக வளரும் பவளங்கள் மடிந்ததையும் 2020-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது. மீனாவது நீந்தித் தப்பிக்கப் பார்க்கும். பவளம் எங்கே போகும்?

இதைப் படித்துவிட்டு ‘அப்போ இந்தக் கிருமியையெல்லாம் ஒழிச்சிடலாமே’ என்று யாராவது கேட்டால், அவர் கடலையே ஒழிக்கச் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் சுமார் 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்கள் அதைப்போல 10 மடங்கு. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்ட பாதி, மிதந்து திரியும் இந்த நுண்ணுயிர்களின் வேலை. ஆச்சரியம் என்னவென்றால், உலகத்திலுள்ள மொத்தத் தாவர எடையில் இவற்றின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஒரு தேக்கு மரம் வளர பல பத்தாண்டுகள் ஆகும். இவை பிறந்து, பெருகி, தின்னப்பட்டு முடிவது சில நாட்களில். கையிருப்பு குறைவு, புழக்கம் வேகம்.

இவற்றில் புரோக்ளோரோகாக்கஸ் என்ற ஒன்றை 1980-களின் நடுப்பகுதி வரை யாருமே கவனிக்கவில்லை. அமெரிக்க விஞ்ஞானி சாலி சிஸ்ஹோமும் சக ஆய்வாளர்களும் செல்களை எண்ணும் லேசர் கருவியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனபோதுதான் அது சிக்கியது. உலகில் அதிகம் காணப்படும் ஒளிச்சேர்க்கை உயிரியே அதுதான் என்று பின்னால் தெரியவந்தது. அதற்கு முன்பே, 1983-ல், லாகூரில் பிறந்த ஃபரூக் ஆசாமும் சகாக்களும் இன்னொரு கணக்கைத் திருத்தி எழுதியிருந்தார்கள். பாசியைச் சிறு மீன் தின்கிறது, சிறு மீனைப் பெரிய மீன் தின்கிறது என்று பள்ளிப் பாடத்தில் படிப்பது பாதிக் கதைதான். கடலில் கரைந்து வீணாகப் போகும் சத்தை பாக்டீரியாக்கள் பிடித்துக்கொள்கின்றன. அவற்றை இன்னொரு ஒற்றைச் செல் உயிரி விழுங்க, அந்தச் சத்து மறுபடி மீன் வரை வந்து சேர்கிறது. சீலாவும் வஞ்சிரமும் தட்டுக்கு வருவதற்குப் பின்னால் இந்தச் சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது.

ரீல்ஸில் அடிக்கடி ஒரு வரி வரும்: ‘நாம் விடும் இரண்டு மூச்சில் ஒன்று கடல் தந்தது.’ கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடலில் உருவாகும் ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கடல் உயிர்களே செலவழித்துவிடுகின்றன. இன்று காற்றில் இருப்பது பல கோடி ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. கடல் நுண்ணுயிர்கள் இன்று நமக்குச் செய்யும் பெரிய உதவி வேறு. அவை உறிஞ்சும் கார்பனில் ஒரு பகுதி, செத்த செல்லாகவும் கழிவாகவும் ஆழ்கடலுக்கு இறங்கி, நீண்ட காலம் மேலே வராமல் கிடக்கிறது. இந்தப் பம்பு இல்லையென்றால் காற்றில் கரியமில வாயு இப்போதைவிட அதிகமாக இருக்கும்.

இப்படிப்பட்ட உயிர்களை நம் கடல் பாதுகாப்பு எந்த அளவுக்குக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது? மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்குத் தேசியப் பூங்கா எல்லை உண்டு. இரண்டும் தேவைதான். ஆனால் சாக்கடையிலும் உர நீரிலும் கடலுக்கு வரும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் எல்லைப் பலகையைப் பார்த்துத் திரும்பிப் போவதில்லை. பருவக்காற்று, வெப்பநிலை, நீரோட்டம் எல்லாம் சேர்ந்துதான் நாக்டிலூகா பெருகுகிறது என்பது உண்மை. அதில் மனிதர் கையில் இருப்பது இந்தக் கழிவு ஒன்றுதான். அதையாவது பிடிக்க வேண்டாமா?

அடுத்தது கண்காணிப்பு. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள இடங்களை மீனவர்களுக்குச் சொல்கிறது. அதன் அடிப்படையே கடல் வெப்பநிலையும், இந்த நுண்ணுயிர்களின் பச்சையத்தைச் செயற்கைக்கோள் அளந்து தரும் கணக்கும்தான். ஆனால் வானம் மேகமூட்டமாக இருந்தால் கடலின் நிறம் செயற்கைக்கோளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், பெருகியிருப்பது மீனுக்குத் தீனியாகும் டயாட்டமா, நாக்டிலூகாவா என்று நிறத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம். ஒரு வாளி தண்ணீர் எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருப்பதால் அங்கே இது நடக்கிறது. மற்ற இடங்களில்? பெரிய மீன்பிடித் துறைமுகம் ஒவ்வொன்றிலும் ஒரு நுண்ணோக்கி, ஆக்சிஜன் அளக்கும் ஒரு மீட்டர், பயிற்சி பெற்ற இரண்டு மீனவ இளைஞர்கள், வாரம் ஒரு மாதிரி. ஒரு விசைப்படகின் விலையோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை. கடல் நிறம் மாறுவதை முதலில் பார்ப்பவர்கள் மீனவர்கள்தான். அவர்கள் சொல்வதைப் பதிந்துகொள்ள ஒரு போன் நம்பரும், எடுத்துப் பேச ஒரு ஆளும் வேண்டும்.

2024 அக்டோபரில் ஈசிஆர் பக்கம் அலைகள் மறுபடி மின்னின. வீடியோக்கள் நிறைய வந்தன. அன்றைக்கு அந்த நீரில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று அவற்றில் எதிலும் யாரும் கேட்கவில்லை.