கிளைச் சிறைக்கும் புத்தகம் வேண்டும்

"ஜெயில்ல இருக்கிறவனுக்குப் புத்தகம் ஒரு கேடா?" சிறைக்கு நூல் திரட்டுகிறோம் என்று வாய் திறந்தாலே வரும் கேள்வி இது. 2023 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் தமிழ்நாடு சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு அமைத்துப் பொதுமக்களிடம் நூல்களைக் கேட்டுப் பெற்றது. மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள். ஆனால் கொடுத்தவர்களின் நினைவில் இருந்தவை பெரும்பாலும் புழல், வேலூர் போன்ற பெரிய சிறைகள்தாம். ஓசூர், கிருஷ்ணகிரி கிளைச் சிறைகள் என்று சொன்னால் அங்கே எதற்கு என்கிறார்கள். அதற்குச் சொல்லும் காரணங்கள் எதிலும் எனக்கு உடன்பாடில்லை.

குற்றவாளிக்கு எதற்குச் சலுகை என்பது முதல் காரணம். கிளைச் சிறையில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மீது இன்னும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ரிமாண்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். நாடு முழுவதுமே நிலைமை இதுதான்: 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாளைக்கே விடுதலையாகக்கூடிய ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லிப் புத்தகத்தை மறுக்க நாம் யார்? தண்டனை பெற்றவருக்கும் சட்டம் விதித்தது அடைப்பும், கடுங்காவல் என்றால் வேலையும் மட்டுமே. எல்லா வகைச் சிறைவாசிகளுக்கும் நூலகம் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் மண்டேலா விதிகள் 2015-லேயே சொல்லிவிட்டன.

இந்த இடத்தில் வ.உ.சி.யையும், ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்து வேலூர்ச் சிறையில் நாட்குறிப்பு எழுதிய ராஜாஜியையும் சாட்சிக்கு அழைப்பது வழக்கம். எனக்கு அந்த வாதம் வேண்டாம். தியாகிகளைக் காட்டிப் புத்தகம் கேட்டால், தியாகி அல்லாதவனுக்கு எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். நான் பேசுவது வண்டித் திருட்டு வழக்கிலும் அடிதடி வழக்கிலும் உள்ளே போனவர்களுக்காக.

"பதினைந்து நாளில் பெயிலில் போய்விடுவான், அதற்குள் எதைப் படிப்பான்?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்நாடக எல்லையில் உள்ள இந்தப் பகுதிக்கு அது பொருந்தாது. சிப்காட் தொழிற்சாலைகளிலும் கிரானைட் குவாரிகளிலும் ரோஜாப் பண்ணைகளிலும் வேலை செய்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் ஏராளம். அப்படி ஒருவர் எல்லை ஊரான ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் வழக்கில் சிக்கினால், பெயில் கிடைத்தாலும் ஷூரிட்டி கொடுக்க ஆள் வேண்டும். சொத்து வரி ரசீதோடு கோர்ட்டுக்கு வந்து நிற்க உள்ளூரில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? 1978-லேயே மோத்தி ராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாரின் வழக்கு இதே சிக்கலோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூரிட்டி கேட்ட மாஜிஸ்திரேட், கொத்தனாரின் சகோதரர் தந்த ஜாமீனை வேறு மாவட்டத்துச் சொத்து என்று ஏற்க மறுத்திருந்தார். அது தவறு என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகவே எழுதினார். அப்படியும் சிக்கல் தீரவில்லை. பெயில் உத்தரவு வந்தும் வெளியே போக முடியாதவர்களுக்காக 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் வழிமுறைகளை வகுக்க வேண்டியிருந்தது. வாய்தாவுக்கு வாய்தா காவலை நீட்டிக்கொண்டே போகும்போது பதினைந்து நாள் மாதங்களாகிவிடுகிறது. மாலையில் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். வேலையும் இல்லை, பேசுவதற்குத் தன் மொழிக்காரரும் இல்லை. அந்த நேரத்தை எதை வைத்துப் போக்குவது?

படிக்கத் தெரியாதவர்கள் என்பது அடுத்தது. இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுத்தறிவு இல்லை. அப்படியானால் மற்ற மூவருக்கு? திரௌபதி அம்மன் கோயிலில் ஒருவர் பாரதம் சொல்ல ஊரே நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்கும் மாவட்டம் இது. ஒருவர் வாசித்துப் பத்துப் பேர் கேட்பது இங்கே யாருக்கும் புதிதல்ல.

பாதுகாப்புக்கு ஆபத்து என்ற காரணத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெட்டி அட்டையைத் தவிர்த்து, ஒவ்வொரு நூலையும் வார்டர் புரட்டிப் பார்த்து அனுப்பினால் போதும். பிரிட்டனில் 2013-ல் கைதிகளுக்குப் பார்சலில் புத்தகம் வருவதைத் தடுத்தார்கள். அது சட்டவிரோதம் என்று அடுத்த ஆண்டே உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இவற்றைவிட என்னை வருத்துவது, ஆதரவாகப் பேசுபவர்களே சொல்லும் ஒரு வாதம்: "வீட்டில் பழைய புத்தகம் கிடக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள்." அந்தக் கட்டைப் பிரித்தால் பாடத்திட்டம் மாறிப்போன டி.என்.பி.எஸ்.சி. கைடு, ஐந்தாம் செமஸ்டர் இன்ஜினியரிங் புத்தகம், கிரகப்பிரவேசத்தில் கொடுத்த சுலோகப் புத்தகம், நடுவே பதினாறு பக்கம் காணாமல் போன தொடர்கதை பைண்டிங். ஒடியா மட்டுமே தெரிந்தவருக்கு இதில் என்ன இருக்கிறது? தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்குக்காரருக்கும் கன்னடக்காரருக்கும்தான் என்ன இருக்கிறது? அமெரிக்காவின் சியாட்டிலில் 1970களில் தொடங்கிய 'புக்ஸ் டு பிரிசனர்ஸ்' என்ற தன்னார்வ அமைப்பு, கைதிகள் கடிதத்தில் கேட்பதைப் பார்த்துத்தான் நூல் அனுப்புகிறது. அங்கே அதிகம் கேட்கப்படுவது அகராதி. இங்கேயும் முதலில் கேட்க வேண்டும். கேட்டு வாங்குவது கடினமும் இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்காகவே பல மொழிகளில் மலிவு விலை நூல்கள் போடுகிறது. அதன் தென்மண்டல அலுவலகம் பெங்களூரில், ஓசூரிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறது. பெரிய எழுத்து நூல்களாகப் பார்த்து வாங்கினால் சிறை விளக்கொளியிலும் படிக்கலாம். பெயில் என்றால் என்ன, இலவச சட்ட உதவிக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று விளக்கும் சிறு நூல் இந்தியிலும் ஒடியாவிலும் பத்துப் பிரதியாவது வேண்டும்.

"அரசுப் பள்ளிக்கே புத்தகம் போதவில்லையே" என்பவர்களின் கவலை உண்மையானது. பள்ளிக்கும் கொடுக்க வேண்டும். ஆனால் பள்ளிக்குக் கொடுக்க முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள், ரோட்டரி சங்கம் இருக்கிறது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. கிளைச் சிறைக்காகக் கேட்க யாரும் இல்லை.

கடைசியாக, போன புத்தகம் திரும்பாது என்கிறார்கள். திரும்ப வேண்டாம். பெயில் உத்தரவு மாலையில் வந்து, பாதி படித்த புத்தகத்தோடு ஒருவர் கிளம்பினால் கொண்டுபோகட்டும். பதிவேட்டில் அது குறைவு என்று ஏறும். அதே நூலின் இன்னொரு பிரதியை அடுத்த ஓசூர் புத்தகத் திருவிழாவில் வாங்கி அங்கே சேர்ப்பது நமக்குப் பெரிய செலவில்லை.