ஊருக்கொரு மருந்துத் தொட்டி: ஆடு மாடு வளர்ப்போரின் வேண்டுகோள்

ஈரோடு கருங்கல்பாளையத்தில் வியாழக்கிழமை மாட்டுச் சந்தை. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும். எங்கெங்கிருந்தோ வரும் மாடுகள் அங்கே கைமாறி கேரளம் வரை போகின்றன. மழை வாரமென்றால் அத்தனையும் ஒரே சேற்றில்தான் நிற்க வேண்டும். விலை படியாத மாடு சாயங்காலம் அதே காலோடு ஊர் திரும்பி, மற்ற மாடுகளுக்கு நடுவில் கட்டுத்தரையில் கட்டப்படுகிறது. அது எதைக் கொண்டுவந்தது என்று அன்றைக்குத் தெரியாது. சில நாள் கழித்து ஒன்று நொண்டும். இன்னும் சில வாரத்தில் பட்டியே சொறிந்துகொண்டிருக்கும்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் ஆடு மாடு வளர்க்கும் சிலர் கூடிப் பேசி, தங்களைப் போன்ற மற்றவர்களுக்கும் ஊராட்சிகளுக்கும் சந்தை நடத்துவோருக்கும் இந்த வேண்டுகோளை வைக்கிறார்கள். ஆளுக்கொரு நாள் மருந்தடிப்பதை விட்டுவிட்டு, ஊர் முழுக்க ஒரே நாளில் ஆடு மாடுகளுக்கு மருந்துக் குளியல் கொடுக்க வேண்டும். அதற்கு ஊருக்கொரு பொதுத் தொட்டி வேண்டும். சந்தை வாசலில் கால் நனைக்கும் தொட்டி வேண்டும். அவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

ஒரே நாள் என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்ணியின் பிழைப்பு முறை. மாட்டைப் பிடிக்கும் உண்ணி, குஞ்சாக ஏறி ரத்தம் குடித்துப் பெருத்து, ஏறக்குறைய மூன்று வாரத்தில் கீழே விழுகிறது. விழுந்த பெட்டை சுவர் இடுக்கிலோ கல்லுக்கடியிலோ இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை வைத்துவிட்டுச் சாகிறது. பொரித்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறி அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கின்றன. ஆக, மாட்டின் மேல் கண்ணுக்குத் தெரிவது கூட்டத்தில் ஒரு பங்குதான். ஒருவர் பட்டிக்கு மட்டும் மருந்து போட்டு, பக்கத்துப் பட்டி மாடு அதே தடத்தில் மேயப் போனால், போட்ட காசு புல்லோடு போயிற்று. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும் அதே வேலையின் பாதி. காங்கயம் பக்கத்தில் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலமான கொறங்காடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: ஒரு காட்டைச் சில மாதம் மேயாமல் போட்டு வைத்தால், ஏற ஆளில்லாமல் குஞ்சுகள் பட்டினியில் செத்துவிடும்.

ஊர் கூடிச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை இருக்கிறது. டெக்சாஸ் காய்ச்சல் என்ற மாட்டு நோயை உண்ணிதான் பரப்புகிறது என்று 1893-ல் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் நிறுவினார்கள். 1906-ல் அரசு ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. பண்ணை மாடுகளையெல்லாம் இரண்டு வாரத்துக்கொருமுறை ஓட்டிவந்து மருந்துத் தொட்டியில் நீந்த விட்டார்கள். ஆத்திரப்பட்ட சில விவசாயிகள் தொட்டிகளை வெடி வைத்தே தகர்த்தார்கள்! ஆனாலும் 1943-க்குள், மெக்சிகோ எல்லையோரம் நீங்கலாக, அந்த உண்ணி ஒழிந்தது. அன்று கரைத்தது ஆர்சனிக். அதை இன்று நினைக்கவே கூடாது. யாரையும் விட்டுவைக்காத அந்தக் கட்டுப்பாடுதான் நமக்கு வேண்டியது.

மருந்து போடும் முறை ஆட்டுக்கு ஆடு மாறும். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை மயிர்தான். நன்றாகத் தெளித்தாலே தோலில் படும். அதன் தோலுக்குத்தான் பேர். உண்ணி கடித்த தழும்பு விழுந்தால் அந்தப் பேர் போய்விடும். கோயமுத்தூர்க் குறும்பை ஆட்டுக்கு மேல் தெளிப்பு போதாது, கம்பளிக்கு அடியில் பேன் சௌக்கியமாக இருக்கும். அதை முக்கித்தான் எடுக்க வேண்டும்.

முக்குவதிலும் பக்குவம் இருக்கிறது. வெயில் இருக்கும் நாளில் காலையிலேயே தொடங்க வேண்டும். முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்ட வேண்டும். தாகத்தோடு இறங்கிய ஆடு மருந்துத் தண்ணீரையே குடித்துவிடும். நிறைசினையும் புண் பட்டதும் நோயாளியும் ஒதுங்கி நிற்கட்டும். டெல்டாமெத்ரின் ஆனாலும் அமிட்ராஸ் ஆனாலும் அளவு பாட்டிலில் போட்டிருப்பதுதான். குறைத்துக் கரைத்தால் சாகாத உண்ணி மருந்துக்குப் பழகிவிடுகிறது, நாட்டின் பல பகுதிகளில் ஏற்கெனவே பழகியும் விட்டது. கூட்டினால் ஆட்டுக்கு ஆபத்து. அந்தியூர் ஆடித் திருவிழாவில் குதிரை வாங்கி வந்தவர்கள் அதன் மேல் அமிட்ராஸ் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குதிரைக்கு அது ஆகாது. வேலை முடிந்த மருந்துத் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடுவது பெரும் தப்பு. டெல்டாமெத்ரின் மீனைக் கொன்றுவிடும்.

குளம்புக்கு வேறு தொட்டி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குளம்பிடுக்கு ஊறி வெடிக்க, அங்கே கிருமி புகுந்து அழுகுகிறது. தூக்கிப் பார்த்தால் நாற்றமே காட்டிக்கொடுக்கும். தென்னைக்குப் போர்டோ கலவை கலக்கும் வீடுகளில் மயில்துத்தம் இருக்கும். நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ கரைத்தால் மாட்டுக்குப் போதும். ஆட்டுக்கு, குறிப்பாகச் செம்மறிக்கு, அதிலுள்ள தாமிரம் உள்ளே போனால் விஷம். அதற்கு உரக்கடையில் கிடைக்கும் ஜிங்க் சல்பேட்டே நல்லது, நூறு லிட்டருக்குப் பத்து கிலோ. குளம்பு முழுக்க நனைகிற ஆழம் வேண்டும். இரும்புத் தொட்டி மயில்துத்தத்தில் அரித்துப்போகும், சிமென்ட் தொட்டி கட்டலாம். சாணி ஒட்டிய காலோடு இறக்கினால் மருந்தின் வேலை சாணியிலேயே முடிந்துவிடும் என்பதால், முதலில் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். ஏறிய பிறகு கொஞ்ச நேரம் காய்ந்த தரையில் நிற்க வேண்டும்.

பட்டிப் பொங்கலன்று சாணியில் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, மாட்டை மிதிக்க விடுகிற வழக்கம் கொங்கு நாட்டில் இன்னும் இருக்கிறது. காலை நனைத்து நடக்க மாட்டுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொட்டி கட்ட மனிதர்கள் மனசு வைத்தால் சரி.

கோமாரித் தடுப்பூசிக்கு இந்தக் குளியல் மாற்று ஆகாது. 2013-ல் கோமாரி தென் மாநிலங்களில் என்ன பாடு படுத்தியது என்பதை மாடு பறிகொடுத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கொருமுறை போடுகிற இலவசத் தடுப்பூசிதான் அதற்குக் காப்பு. ஆனால் சந்தை வாசலில் நாலு சதவீத சலவை சோடாக் கரைசலை, அதாவது நூறு லிட்டருக்கு நாலு கிலோ, தேக்கி வைத்தால் குளம்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிவரும் கோமாரிக் கிருமி சாகும். நுழைவுக் கட்டணம் வாங்குகிற குத்தகைதாரர்களுக்கு இது பெரிய செலவில்லை.

அக்டோபர் 2 கிராம சபை, அடைமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. பொதுத் தொட்டிக்கு இடம், மேய்ச்சல் தடத்தை ஒட்டியும் கிணறு குளத்தை விட்டுத் தள்ளியும், அங்கேயே முடிவாகட்டும். மருந்தும் தேதியும் உள்ளூர் கால்நடை மருத்துவரைக் கேட்டுக் குறிக்க வேண்டும். ஆட்டை ஓட்டிவர ஆளில்லாத வயசாளிகளின் வீடுகளைப் பக்கத்து வீட்டு இளவட்டங்கள் பொறுப்பேற்றுக்கொள்ள வேண்டும், ஒரு பட்டிகூட விட்டுப்போகாமல்.