முதல் பெஞ்ச் இல்லாத ஒரு வகுப்பு: தொடக்கப் பள்ளியில் பறை வேண்டும்

மூணாவது படிக்கும்போது டெஸ்க்குல தாளம் போட்டு அடி வாங்காதவங்க நம்மில் எத்தனை பேர்? நான் வாங்கியிருக்கேன்.

நான் வளர்ந்தது நெய்வேலி டவுன்ஷிப்ல. பக்கத்து கிராமத்துல இருந்து பறைச் சத்தம் வந்தா கால் தானா ஆடும். "அது சாவு மோளம், உள்ள வா"ன்னு வீட்டுல இழுத்துட்டுப் போவாங்க. பள்ளியும் வீடும் சேர்ந்து எனக்கு ஒரு பாடம் நடத்தினாங்க: தாளம் தப்பு, அதை அடிக்கிறவங்க நம்மாளு இல்லை.

இதைவிடப் பெரிய பொய் கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் வைத்தது தொல்காப்பியம். 2025-ல் மதுரை வேலு ஆசானுக்குப் பறை இசைக்காகப் பத்மஸ்ரீ கிடைத்தது. டெல்லியில் மரியாதை கொடுத்தாச்சு. நம்ம ஊர் வகுப்பறையில்?

உணர்ச்சியை விடுங்க, இஞ்சினியரா பேசுறேன். பறை அடிக்க வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் நீளமான மூங்கில் குச்சி. இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. பத்துப் பேர் சேர்ந்து அடிக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளையைக் கேட்கணும், தான் முந்துறோமா பிந்துறோமான்னு பார்க்கணும், அடுத்த அடியிலேயே திருத்திக்கணும். நாங்க நாலு வருஷம் படிச்ச 'ஃபீட்பேக்' இதுதான். ஏழு வயசுப் பிள்ளை இதைச் சிரிச்சுக்கிட்டே கத்துக்கும்.

ஜெர்மனியில் மேக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் கிர்ஷ்னரும் டோமசெல்லோவும் இரண்டரை முதல் நாலரை வயசு வரையான குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2009-ல் வெளியிட்டாங்க. ஸ்பீக்கரில் வரும் தாளத்தோடும், இயந்திரம் அடிக்கும் தாளத்தோடும் சேர்ந்து அடித்ததைவிட, எதிரே ஒரு மனுஷர் உட்கார்ந்து அடிக்கும்போது குழந்தைகள் துல்லியமாகச் சேர்ந்து அடிச்சாங்க. 2010-ல் நாலு வயசுக் குழந்தைகளிடம் இன்னொரு ஆய்வு. சேர்ந்து பாடி, ஆடி, தாளம் போட்ட குழந்தைகள் அதுக்கப்புறம் ஒருத்தருக்கொருத்தர் அதிகமா உதவினாங்க. செல்போன் ஆப் இதைத் தராது. பக்கத்துல ஆள் வேணும்.

இப்ப நெய்வேலிக்கு வாங்க. நிரந்தரத் தொழிலாளி பிள்ளை, ஒப்பந்தத் தொழிலாளி பிள்ளை, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளை எல்லாரும் வாழ்ற ஊர் இது. எந்த வட்டத்துல வீடுன்னு கேட்டே ஆளை எடை போடுவாங்க. பறை அடிக்க வட்டமா நின்னா முதல் பெஞ்சும் கிடையாது, கடைசி பெஞ்சும் கிடையாது. யாரோட தாத்தா அடிச்ச வாத்தியத்தைச் சொல்லி ஒரு பிள்ளையைக் கேலி பண்ணினாங்களோ, அதே வாத்தியத்தை எல்லாப் பிள்ளையும் தூக்குற நாள்ல அந்தக் கேலிக்கு வேலை இல்லை.

தடை எங்கே? கல்வி உரிமைச் சட்டம் 2009, கலைக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் பற்றிப் பேசுறது 6 முதல் 8-ம் வகுப்புக்குத்தான், அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருக்கும் பள்ளிக்கு. கை, காது, மனசு மூணும் வளையுற 1 முதல் 5-ம் வகுப்புக்கு அந்த ஏற்பாடு இல்லை.

"சத்தம் படிப்பைக் கெடுக்கும்"னு சிலர் சொல்வாங்க. நியாயமான கவலைதான். மைதானத்துல, மரத்தடியில, கடைசிப் பாடவேளையில வையுங்க. "பறை வாங்கக் காசு?" முதல் மாசம் காலி பெயின்ட் வாளி போதும்.

நாம கேட்கிறது இரண்டே விஷயம். தொடக்கப் பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளை கூட்டுப் பறைக்கு. சொல்லித்தர, அந்தந்த ஊர்ப் பறைக் கலைஞர்கள். பொன்னாடை மட்டும் போர்த்தி அனுப்பாம, மாசச் சம்பளத்தோட, 'ஆசான்'ங்கிற பேரோட.

உங்க ஊர்ல பறை அடிக்கிற பெரியவர் இருக்காரா? அடுத்த பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல அவரைப் பத்திப் பேச்சை எடுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.

#பள்ளியில்_பறை #நெய்வேலி