கறுப்பு வெள்ளை நெகட்டிவை ஸ்கேன் செய்யப் போறீங்களா? "ஆட்டோ"வை அணைச்சிடுங்க

1/
பீரோ மேல்தட்டில் தாத்தா பாட்டி கல்யாண நெகட்டிவ் இருக்கா? ப்ரிண்ட் தொலைஞ்சிருந்தாலும் பரவாயில்லை, வீட்டிலேயே ஸ்கேன் செய்து மீட்கலாம். ஆனால் ஸ்கேனரில் "ஆட்டோ" என்று இருப்பதை எல்லாம் முதலில் அணைக்க வேண்டும் என்பது என் கருத்து.

2/
ஏன்?
தானாகத் தூசி நீக்கும் "டிஜிட்டல் ஐஸ்" வசதி அகச்சிவப்புக் கதிரால் வேலை செய்கிறது. கலர் பிலிமில் இருப்பது சாயம். கதிர் அதைக் கடந்துவிடும், தூசி மட்டும் தடுக்கும்.
கறுப்பு வெள்ளை பிலிமில் இருப்பது வெள்ளி. அதுவே கதிரைத் தடுக்கும். பாட்டியின் மூக்குத்தி மினுக்கையும் தூசி என்று நினைத்து மெஷின் அழிக்கப் பார்க்கும்!
(கலர் முறையில் கழுவும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற பிலிம்கள் விதிவிலக்கு.)

3/
அடுத்தது ஆட்டோ கான்ட்ராஸ்ட்.
மார்பு எக்ஸ்ரே பார்க்கும்போது படம் "பளிச்"னு இருக்கான்னு நாங்க பார்ப்பதில்லை. நுரையீரலின் மெல்லிய நிழல்கள் தெரியணும். இங்கேயும் அதே கணக்குதான்.
ஸ்கேன் மங்கலாக, சாம்பலாக இருக்கட்டும். ஹிஸ்டோகிராமின் இரு முனையும் வெட்டுப்படக் கூடாது. பளிச் ஆக்குவதைப் பிறகு செய்யலாம். வெட்டுப்பட்ட விவரம் அந்தக் கோப்பில் திரும்ப வராது.

4/
செட்டிங்:
✅ 16 பிட் கிரேஸ்கேல் (8 பிட்டில் 256 சாம்பல் படிகள், இதில் 65,536)
✅ டிஃப் கோப்பு
✅ 35 எம்எம் பிலிமுக்கு 2400 டிபிஐ. சுமார் 3400 பிக்சல் அகலம் கிடைக்கும்.
அட்டைப்பெட்டியில் 6400 என்று போட்டிருந்தாலும், சாதாரண பிளாட்பெட் ஸ்கேனர் அவ்வளவு விவரம் தராது. கோப்புதான் வீங்கும்.

5/
தூசியை ஸ்கேனுக்கு முன்பே ஏர் ப்ளோயரால் ஊதுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். பிலிமை ஓரத்தில் மட்டும் பிடிக்கணும்.

6/
எதை முதலில் ஸ்கேன் செய்வது?
வினிகர் வாடை அடிப்பதை! அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதுதான் எமர்ஜென்சி கேஸ். மற்றவற்றிலிருந்து தனியே எடுத்து வையுங்கள், அந்த ஆவி பக்கத்துப் பிலிமையும் கெடுக்கும்.
பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவாதீர்கள். ஜெலட்டினோடு படமே கரையக்கூடும்.

7/
கடைசியாக ஒன்று. "அதான் ஸ்கேன் பண்ணியாச்சே" என்று நெகட்டிவைக் குப்பையில் போட்டுடாதீங்க. ஸ்கேன் என்பது ரிப்போர்ட் மாதிரி. நெகட்டிவ்தான் பேஷன்ட். ரிப்போர்ட்டை எத்தனை முறை வேணும்னாலும் திரும்ப எடுக்கலாம், பேஷன்ட் இருக்கும் வரை.