கார் ஷெட்டுக்குள் போனது, கதவுதான் திறக்கவில்லை!

சென்னை,

புதுக் கார் வீட்டுக்கு வந்தாயிற்று. மாலை போட்டாயிற்று. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. கார் ஷெட்டுக்குள்ளும் போய்விட்டது. ஆனால் ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. இறங்க முடியவில்லை!

கதவைத் திறந்தால் சுவர். அந்தப் பக்கம் நகர்ந்து இறங்கலாம் என்றால் அங்கேயும் சுவர். "ஏங்க, உள்ளேயே உட்கார்ந்துட்டீங்க?" என்று வீட்டுக்கார அம்மா வாசலில் நிற்கிறார். "எப்படி இறங்கறது? நீயே வந்து பாரு!" என்று உள்ளே இருந்து பதில் வருகிறது. கடைசியில் கார் மறுபடி வெளியே வருகிறது. தெருவிலேயே நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் முறைக்கிறார்.

மாம்பலம், நங்கநல்லூர், பெரம்பூர், புரசைவாக்கம் என்று எந்தப் பழைய தெருவுக்குப் போனாலும் இப்போது இதே கதைதான். 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. மாதச் சம்பளக்காரரும் சின்னக் கடைக்காரரும் துணிந்து கார் வாங்க அது ஒரு தைரியம் கொடுத்தது. "சின்னக் கார்தானே, நம்ம ஷெட்டுக்குத் தாராளமாப் போகும்" என்று நினைத்தார்கள். அங்கேதான் வந்தது வினை.

அம்பாசிடர் கணக்கு

அரை கிரவுண்டு மனை என்றால் 1,200 சதுர அடி. முகப்பு 20 அடி இருந்தால் அதில் மாடிப்படி, பக்கத்துச் சந்து, கிணறு எல்லாம் போக, ஷெட்டுக்கு 8 அடி ஒதுக்குவார் மேஸ்திரி. அன்றைக்கு அது போதும். ரோட்டில் ஓடியதே அம்பாசிடரும் பத்மினியும்தான். அம்பாசிடரின் அகலம் சுமார் ஐந்தரை அடி. பத்மினி நாலே முக்கால் அடி. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-ம் ஏறக்குறைய அதே அளவுதான். 8 அடி ஷெட்டில் பத்மினியை விட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்கூட்டரையும் நிறுத்தினார்கள்.

இன்றைக்கு? வரிச் சலுகை பெறும் "சின்ன" காரான நெக்ஸானையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 3,995 மில்லிமீட்டர். அகலம் 1,804. பழைய அம்பாசிடரோ 4,325 நீளம், 1,662 அகலம். அதாவது இந்தச் சின்னக் கார், அந்தப் பெரிய காரைவிட ஓர் அடி குட்டை. ஆனால் ஐந்தரை அங்குலம் பருமன்! ஸ்விஃப்ட்கூட 1,735 மில்லிமீட்டர்; அம்பாசிடரைவிட அகலம்தான். இதெல்லாம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காத கணக்கு. கண்ணாடிகளை விரித்தால் இன்னும் அரை அடிக்கு மேல் போகும்.

நீளத்துக்கு வரி, அகலத்துக்கு?

இது ஏன் இப்படி ஆனது? 2006 பட்ஜெட்டில் போட்ட கோடு அது. 4 மீட்டருக்கு உட்பட்ட நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரை இருந்தால் சின்னக் கார், வரி குறைவு என்றார்கள். கம்பெனிகள் 3,995 மில்லிமீட்டரில் கத்தி வைத்தது மாதிரி வண்டியை நறுக்கின. அகலத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. உள்ளே மூன்று பேர் தோள் இடிக்காமல் உட்கார வேண்டும், வெளியே பார்த்தால் ஜம்மென்று இருக்க வேண்டும் என்று பக்கவாட்டில் வளர்த்துவிட்டார்கள். பக்கவாட்டு மோதல் சோதனையும் 2017 அக்டோபரில் புது மாடல்களுக்குக் கட்டாயமானது. கதவுகள் பலமாயின, தடித்தன. உயிர் காக்கும் விஷயம், அதைக் குறை சொல்ல முடியாது.

ஜப்பானில் சின்ன ரகக் காருக்கு நீளம் 3.4 மீட்டர் என்றால், அகலமும் 1.48 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மற்றக் கார் வாங்குகிறவர் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீசிடம் சான்று வாங்க வேண்டும். அந்தச் சட்டம் வந்தது 1962-ல். இங்கே நீளத்தை மட்டும் அளந்து சலுகை கொடுத்தால், அகலம் வீட்டுச் சுவரில்தான் வந்து முட்டும்.

முட்டாத கார் எங்கே போகும்? தெருவுக்குத்தான். 15 அடித் தெருவில் இரண்டு பக்கமும் ஆறடிக் கார் நின்றால் நடுவில் மிச்சம் 3 அடி. தண்ணீர் லாரி வராது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்சும் வராது. ஸ்ட்ரெச்சரைத் தெருமுனையில் இருந்து தூக்கி வர வேண்டியதுதான்.

ரிவர்ஸ்தான் வழி

சரி, 8 அடி ஷெட்டை இடித்துக் கட்ட முடியுமா? முடியாது. ஆனால் கணக்குப் போட்டால் அதிலேயே சமாளிக்க வழி இருக்கிறது.

8 அடி என்பது 2,438 மில்லிமீட்டர். நெக்ஸான் போக மிச்சம் 634. அதாவது 25 அங்குலம். காரை நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் பன்னிரண்டரை அங்குலம். யாரும் இறங்க முடியாது. ஒரு பக்கச் சுவரை ஒட்டி 4 அங்குலம் மட்டும் விட்டு நிறுத்தினால், டிரைவர் பக்கம் 21 அங்குலம் கிடைக்கிறது. ஒல்லியானவர் சுலபமாக இறங்கலாம். தொப்பை உள்ளவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும்! மற்றவர்களையும் பெரியவர்களையும் வாசலிலேயே இறக்கிவிட்டுத்தான் ஷெட்டுக்குள் போக வேண்டும்.

அடுத்தது, முன்பக்கமாக நுழையும் பழக்கத்தை விட வேண்டும். வண்டி திரும்பும்போது பின் சக்கரம், முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பஸ் திரும்பும்போது முனையில் நிற்கிறவர்கள் ஒதுங்குவது அதனால்தான். முன்பக்கமாக நுழைந்தால் மூக்கு தப்பிவிடும், பின் கதவு தூணில் உரசும். ரிவர்சில் வந்தால் திரும்பாத பின் சக்கரம் முதலில் வாசலுக்குள் போய்விடுகிறது. திரும்புகிற முன் சக்கரம் தெருவில் இருப்பதால், மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒடித்து நேராக்கிக்கொள்ளலாம். காலையில் அவசரமாக ஆபீஸ் கிளம்பும்போதும் நேராக வெளியே வரலாம். குழந்தை விளையாடும் தெருவில் பின்னால் பார்க்காமல் வர வேண்டியதில்லை.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ரிவர்சில் நிறுத்தினால், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு வலது கைப் பக்கத்துச் சுவர்தான் காரை ஒட்டும் சுவர். டிரைவர் இறங்குவது இடது கைப் பக்கம். மோட்டார், இன்வெர்ட்டர், குழாய் என்று எதையும் அந்த இடது சுவரில் மாட்டினால் 21 அங்குலமும் போச்சு. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்னால் எந்தப் பக்கமாகக் காரை விடப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

மற்றவை சின்னச் செலவுதான். கார் நிற்க வேண்டிய கோட்டை வெள்ளை பெயிண்டால் தரையில் அடிக்கலாம். பின் டயர் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டையை அறைந்தால் போதும். கூரையிலிருந்து கயிற்றில் ஒரு ரப்பர் பந்தைத் தொங்கவிட்டு, அது பின் கண்ணாடியைத் தொட்டதும் பிரேக் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவு இடிக்கிற உயரத்தில் பழைய சைக்கிள் டயரை வெட்டிச் சுவரில் அறைந்தால் புது பெயிண்ட் பிழைக்கும்.

கேட் விஷயம் சிக்கல். 15 அடி நீள ஷெட்டில் 4 மீட்டர் காரை விட்டால் மிச்சம் இரண்டு அடிகூட இல்லை. உள்பக்கம் திறக்கும் கேட்டைச் சாத்த முடியாது. வெளிப்பக்கம் திறந்தால் தெருவில் போகிறவர் மேல் இடிக்கும். காம்பவுண்டுச் சுவர் பக்கவாட்டில் நீளமாக இருந்தால் தள்ளு கேட், இல்லையென்றால் மேலே சுருளும் ஷட்டர் நல்லது. ஷட்டர் போட்டவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே எஞ்சினை ஓடவிடக் கூடாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆளைக் கொன்றுவிடும்.

"தூணில் ஒரு மூணு அங்குலம் கொத்திவிட்டா வண்டி சுளுவாப் போயிடும் சார்" என்று சொல்கிற மேஸ்திரிகளும் இருக்கிறார்கள். கேட்கவே கூடாது! மாடியைத் தாங்குகிற கம்பி அதற்குள்தான் இருக்கிறது.

மழைக்காலம் வேறு தொல்லை. ரோடு மேல் ரோடு போட்டுப் பல ஷெட்டுகள் பள்ளமாகிவிட்டன. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்களில் ஷெட் உள்ளவர்களும் உண்டு.

கொலுப்படி எங்கே போகும்?

அரசாங்கத்தையும் கம்பெனியையும் சொல்லிவிட்டு வீட்டுக்காரரை விட்டுவிட முடியுமா? பல ஷெட்டுகளில் காருக்கு இடம் இல்லாததற்குக் காரணம் காரே இல்லை. பழைய கட்டில், ஓடாத கிரைண்டர், காலி பெயிண்ட் டப்பா, பேரனின் மூணு சக்கர சைக்கிள், கொலுப்படிப் பலகை! "எப்பவாவது உதவும்" என்று பத்து வருஷமாக இருக்கிற சாமான் இரண்டு அடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய கார் வெயிலில் நிற்கிறது. காயலான் கடைக்குப் போக வேண்டிய கட்டில் நிழலில் தூங்குகிறது. கொலுப்படியை மட்டும் எடைக்குப் போட யாருக்கும் மனசு வராது. அதற்குக் கூரைக்குக் கீழே, காரின் பானெட்டுக்கு மேலே ஒரு பரண் அடித்தால் போதும்.

இன்னும் கார் வாங்காதவர்கள் ஷோரூமுக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு டேப் வைத்துக்கொண்டு போகலாம். ஷெட்டின் உள் அகலத்தை அளந்தால் போதாது. இரண்டு தூணுக்கும் நடுவே வாசல் எவ்வளவு என்பதைத்தான் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே 8 அடி இருக்கும், வாசல் 7 அடிதான் இருக்கும். கடையில் காரின் இரண்டு கண்ணாடிகளையும் விரிக்கச் சொல்லி, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை டேப்பைப் பிடிக்க வேண்டும். விற்பனையாளர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.