வார்டுவாரியாக அல்ல, தெருவாரியாக எண்ணுங்கள்

ஆகஸ்ட் மாதம் பிறந்தால் போதும், சென்னையின் பன்முகத்தன்மையைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். சௌகார்பேட்டையில் மார்வாடிகள், திருவல்லிக்கேணியில் முஸ்லிம்கள், மயிலாப்பூரில் பார்ப்பனர்கள், பெரம்பூரில் ஆங்கிலோ இந்தியர்கள், ராயபுரத்தில் பார்சிகளின் தீக்கோயில், பாரிமுனைக்கு அருகே ஆர்மேனியர் தேவாலயம் என்று பட்டியல் நீளும். எங்கள் காஞ்சிபுரத்துக்கும் இதே மாதிரியான பாராட்டு உண்டு. சிவகாஞ்சி, விஷ்ணுகாஞ்சி, புத்தகாஞ்சி, ஜினகாஞ்சி. நான்கு சமயமும் கூடி வாழ்ந்த நகரமாம். அந்த ஜினகாஞ்சிதான் நான் பிறந்து வளர்ந்த திருப்பருத்திக்குன்றம்.

இந்தப் பட்டியல்கள் எதிலும் சேரி இருக்காது. பன்முகத்தன்மையைப் பார்க்க வருகிறவர்களை யாரும் சேரிக்கு அழைத்துப் போவதில்லை.

வரலாற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், இங்கே நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். சமணர்கள் ஏராளம் என்றும் எழுதினார். பல்லவன் சிம்மவர்மன், வச்சிரநந்தி என்ற சமண முனிவருக்குக் கொடுத்த கொடையைப் பள்ளன்கோயில் செப்பேடு சொல்கிறது. அந்த முனிவர் இருந்தது பருத்திக்குன்றில். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விஜயநகர அமைச்சர் இருகப்பர் எங்கள் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் சங்கீத மண்டபம் கட்டினார். அதன் கூரை ஓவியங்களைப் பார்க்க இன்றும் வெளியூரிலிருந்து வருகிறார்கள். ஆனால் பத்தாயிரம் துறவிகள் இருந்த புத்தகாஞ்சியில் இன்று மிஞ்சியது என்ன? ஏகாம்பரநாதர் கோயில் மதிலில் பதிந்திருக்கும் சில புத்தர் உருவங்கள். சமணர்களோ எங்கள் ஊரிலேயே மிகச் சிலர். இதைக் கூடி வாழ்ந்ததற்குச் சான்று என்பதா, விழுங்கப்பட்டதற்குச் சான்று என்பதா?

சமயங்கள் வந்தன, போயின. ஊரும் சேரியும் மட்டும் அப்படியே நின்றன. அன்று காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் 1891-ல் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். சேரிக்காரர்களின் குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது என்று உரிமை கோரப்படுவதை அதில் விளக்கினார். கூலி கேட்டுக் குரல் உயர்த்தினால் வேலை மட்டும் போகாது, வீடும் போகும். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறாண்டு கழித்து, 1994 அக்டோபர் 10 அன்று, அதே நிலத்தை மீட்கப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். யார் எங்கே குடியிருப்பது என்பது இங்கே எப்போதும் நிலம் யாருடையது என்ற கேள்விதான்.

நகரம் சாதியைக் கரைத்துவிடும் என்பார்கள். சென்னை கரைத்ததா? 1707-ல் வலங்கை, இடங்கைச் சாதிகள் தெருவுக்காகவும் ஊர்வலத்துக்காகவும் மோதிக்கொண்டபோது, ஆளுநர் தாமஸ் பிட் முடிவில் வலங்கையருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை, இடங்கையருக்கு முத்தியால்பேட்டை என்று பிரித்துக் கொடுத்தார். அந்தக் கால வரைபடத்தில் பறச்சேரி தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. இன்று நாம் வியந்து பார்க்கும் பேட்டைகளில் சில, சாதிச் சண்டைக்குக் கம்பெனி எழுதிய தீர்ப்புகள்.

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலையில் கர்நாடகப் பட்டும் சூரத் ஜரிகையும் சேரும். தமிழ் பேசும் செங்குந்தர், கன்னடம் பேசும் தேவாங்கர், தெலுங்கு பேசும் சாலியர் என நெய்கிறவர்களும் பலர். சுற்றுக் கிராமங்களில் தலித்துகளும் தறியில் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. தலித் நெய்த சேலை சன்னிதித் தெருவுக்குள் போகும். நெய்தவர் அங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் பார்க்கட்டும்.

நான் சென்னையில் வீடு தேடிய நாட்களில் வாடகையை ஒத்துக்கொண்ட பிறகு ஒரு வீட்டுக்காரர் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி, காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?" சாதியை அவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, தெருவைச் சொன்னாலே தெரிந்துவிடும். "சைவம்தானே?" என்பது இதே கேள்வியின் இன்னொரு வடிவம். இப்படிக் கேட்டு வீடு மறுப்பவரைத் தண்டிக்கத் தெளிவான சட்டமும் இல்லை. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் தீர்ப்பளித்தது. பார்சிகள் சிறுபான்மையினர், அவர்கள் அச்சம் வேறு என்று வாதிடலாம். ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழலில் ஒதுங்கப்போவது பார்சிகள் மட்டுமல்ல.

தனியார் போகட்டும், அரசு என்ன செய்கிறது? 1998-ல் கலைஞர் தொடங்கிய சமத்துவபுரத்தில் 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. குறைகள் பல இருந்தாலும், வீடு ஒதுக்குவதே சாதியைக் கலைக்கும் வேலை என்று அரசு ஒப்புக்கொண்ட திட்டம் அது. அது கிராமங்களோடு நின்றது. நகரத்திலோ அதே ஆண்டுகளில் நேர் எதிர்த்திசை. கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களை அள்ளிக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொட்டினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை ஒரு மூலையில், பள்ளி ஒரு மூலையில். முகவரியைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்கிறார்கள். சேரியைக் கிடையாகப் படுக்க வைக்காமல் அடுக்குமாடியாக நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சிங்கப்பூர் 1989 முதல் அரசுக் குடியிருப்புகளில் ஒவ்வொரு பிளாக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் விகிதத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதனால் சிறுபான்மையினர் வீடு விற்கும்போது சிரமப்படுகிறார்கள் என்ற விமர்சனமும் உண்டு. ஆனால் கலப்பு தானாக நடக்காது என்பதை அந்த அரசு புரிந்துகொண்டிருக்கிறது.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 2027 கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்பட இருக்கிறது. எண்ணிக்கையை எந்த அளவில் வெளியிடுவார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெங்களூர் ஐஐஎம் ஆய்வாளர்கள் இந்தியப் பெருநகரங்களை ஆராய்ந்தபோது, வார்டு அளவில் கலந்திருப்பதாகத் தெரியும் சாதிகள், வார்டுக்குள் இருக்கும் சின்னஞ்சிறு கணக்கெடுப்புத் தொகுதிகளாகப் பார்த்தால் பிரிந்தே வாழ்வதைக் கண்டார்கள். வார்டு என்பது அக்ரகாரத்தையும் சேரியையும் கூட்டிச் சராசரி காட்டும் வித்தை. ஆகவே மாநில மொத்தம், மாவட்ட மொத்தம் என்று நம்மை ஏமாற்ற விடக்கூடாது. பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம். கணக்கெடுப்புத் தொகுதிவாரியாகச் சாதி எண்ணிக்கை வேண்டும், கூடவே குடிநீர் இணைப்பும் சாக்கடையும் பட்டாவும் எத்தனை வீட்டுக்கு என்ற கணக்கும் வேண்டும். இயக்கங்கள் இந்தக் கோரிக்கையை இப்போதே வைக்க வேண்டும். படிவம் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

எங்கள் வேகவதிக் கரையில் குடியிருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடிகள் கட்டியிருக்கிறார்கள். ஆறு வேண்டும், வெள்ளம் வடிய வழியும் வேண்டும், மறுக்கவில்லை. நகருக்குள் கோயில் மனையும் அரசு மனையும் எவ்வளவு இருக்கிறது, அதில் ஒரு பங்கை ஏன் இவர்களுக்கு ஒதுக்கவில்லை என்பதை மாவட்ட நிர்வாகம் வெள்ளை அறிக்கையாக வெளியிடட்டும்.