ஆடவர் மௌனமும் கடற்கரை வாடியும்

கல்முனைக்கு வடக்கே, கடலோரமாய் அமைந்துள்ள பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் விழா ஆண்டுதோறும் 18 நாள் நடைபெறுகின்றது. பாரதப் போர் நிகழ்ந்த நாட்களின் தொகையும் அதுவே. வனவாசமும் தவநிலையும் தீமிதிப்பும் காண அயலூர்களிலிருந்தெல்லாம் மக்கள் திரள்வர். வீரத்தின் விழாவாகவே பலரும் அதனைக் கருதுவர். ஆயினும் அவ்வீரர்களுள் முதல்வனாகிய அருச்சுனன், போர் தொடங்குமுன் என்ன ஆனான் என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நன்று. அவன் உடல் நடுங்கிற்று, வாய் உலர்ந்தது, வில் கைநழுவியது, தேர்த்தட்டிலே அமர்ந்துவிட்டான். தன் நிலையை மறைக்காது, அருகிலிருந்த தோழனிடம் வாய்விட்டுக் கூறினான். தோழன் அவன் கூறுவதை முழுவதும் கேட்டான், பின்னரே பேசினான். கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அருச்சுனனின் துயரமே பெயராய் அமைந்துள்ளது. ஓர் ஆடவன் தன் தளர்ச்சியை மற்றோர் ஆடவனிடம் ஒப்புக்கொண்ட இடத்திலேதான் அந்நூல் தொடங்குகின்றது.

பாண்டிருப்பை அடுத்து மருதமுனையிலும், கல்முனைக்குடியிலும், சாய்ந்தமருதிலும் வாழும் முஸ்லிம் மக்களின் மரபிலும் இத்தகைய செய்தி உண்டு. மனைவி கதீஜா அம்மையாரும் பெரிய தந்தையார் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, நபிகள் நாயகத்தின் வரலாற்றில் ‘துயர ஆண்டு’ என்றே குறிக்கப்பெறுகின்றது. மகன் இப்றாகீம் இறந்தபோது நாயகம் கண்ணீர் வடித்தார் என்பதையும் அவ்வரலாறு மறைக்கவில்லை. இரு சமயத்தாரின் முன்னோரும் ஆண்மகனின் துயரத்துக்கு இடம் அளித்திருக்க, “ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?” என்னும் கேள்வியை மட்டும் நாம் எங்கிருந்து பெற்றுக்கொண்டோம்?

இக்கேள்வியை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இலங்கையில் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொள்வோருள் ஏறத்தாழ ஐவரில் நால்வர் ஆடவர். உலகெங்கும் ஆண்டொன்றுக்கு ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு இறக்கின்றனர் என உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அங்கும் ஆடவர் வீதம் பெண்கள் வீதத்தைப் போல ஏறத்தாழ இருமடங்காகும். துயரம் பெண்களுக்குக் குறைவு என்பது இதன் பொருளன்று. மனத்தளர்ச்சி நோய் பெண்களிடையே மிகுதியாகவே காணப்படுகின்றது. பெண்கள் தம் துயரைத் தாயிடமோ, தமக்கையிடமோ, கிணற்றடியில் அயலாளிடமோ கூறுகின்றனர். ஆடவர் பலர் எவரிடமும் கூறுவதில்லை.

கல்முனைக் கரையில் இம்மௌனத்துக்குத் தனியானதொரு வரலாறும் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கு மாண்டனர். அம்மாவட்டத்து முகாம்களில் நடத்தப்பெற்று 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பெண்களின் இறப்பு வீதம் ஆண்களின் வீதத்தைப் போல இருமடங்காய் இருந்ததைக் காட்டிற்று. சிறுவர் இறப்பு அதனினும் கூடியது. அலை வந்த வேளையில் வீட்டுக்குள் இருந்தோரே பெரிதும் அகப்பட்டனர். ஆழ்கடலில் தோணியில் இருந்தோருக்குப் பேரலை தெரியவும் இல்லை. கரைக்கு மீண்டபோது, மனைவியும் மக்களும் இன்றி நின்ற ஆடவர் ஒருவர் இருவர் அல்லர்.

அவர்களுடைய நிலையை விளங்கிக்கொள்ளக் கிழக்கிலங்கையின் குடிமரபை அறிதல் வேண்டும். இங்கே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் திருமணத்தின் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணுக்கே சேரும். அக்கரைப்பற்றை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே, 2008இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாகக் காட்டியுள்ளார். இம்மரபு பெண்ணுக்கு அளிக்கும் காப்பு போற்றத்தக்கது. ஆனால் மனைவியை இழந்த கணவனின் நிலை யாது? அவன் பிறந்த வீடு தங்கைக்குப் போய்விட்டது. அவன் வாழ்ந்த வளவு மனைவியின் உறவினர் நடுவே உள்ளது. அயலார் அனைவரும் அவனுக்கு மச்சானும் மாமியுமே. அவர்களும் மகளையோ சகோதரியையோ இழந்து தவிப்போர். அவர்கள் முன்னிலையில் தன் துயரை எடுத்துரைக்க அவன் நா எழுவதில்லை. வீடு கட்டிக் கொடுக்க வந்தோர் கல்லையும் சீமெந்தையும் கணக்கிட்டனர். இந்த மௌனம் எவர் கணக்கிலும் வரவில்லை. 2024 டிசம்பரோடு இருபது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அன்று முப்பது வயதினராய் இருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர்.

முற்காலத்து ஆடவர் மட்டும் தம் மனத்தைத் திறந்து பேசினரோ எனக் கேட்கலாம். “வா, உன் துயரைச் சொல்” என்று அழைத்திருந்தால் அவர்களும் எழுந்து போயிருப்பர். ஆனால் பேச்சுக்கென்று கூடாமலே பேச்சு நிகழும் இடங்கள் அவர்களுக்கு இருந்தன. கரைவலை இழுப்பதைக் கண்டோர் இதனை அறிவர். இருபது முப்பது பேர் இரு வரிசையாய் நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்குக் காலைப் பின்வைத்துக் கயிற்றை இழுப்பர். மடி கரையேற நெடுநேரம் செல்லும். அதன்பின் வாடியில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பொத்துவர். கண் வலைக்கண்ணிலும் கை நூலிலும் இருக்க, வாய் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் நோக்க வேண்டாத அந்த நிலையே, கடனையும் நோயையும் வீட்டுச் சச்சரவையும் வெளியே கொணர்ந்தது. ஒருவன் இரண்டு நாள் வேலைக்கு வராவிடின், “அவனைக் காணவில்லையே” என்று கேட்க இருபது பேர் இருந்தனர்.

வயற்புறத்தில் களவெட்டியும் அத்தகையதே. சூடு மிதிக்கும் இரவுகளில் பொலிப்பாட்டும் பழங்கதையும் விடியுமட்டும் தொடரும். கூத்துக் களரியை எடுத்துக்கொள்வோம். வடமோடியோ தென்மோடியோ ஒன்றை அரங்கேற்றுமுன், அண்ணாவியாரிடம் மாதக்கணக்கில் இளைஞர் ஆடிப் பழகுவர். அது சிறந்த உடற்பயிற்சி. அழுகைக்கு அங்கே இழிவில்லை. அரசன் வேடத்தில் நிற்பவன் ஊரார் முன்னிலையில் புலம்பிப் பாடுவான். முஸ்லிம் ஊர்களில் சிலம்பமும் றபானும், தொழுகைக்குப்பின் பள்ளிவாசல் முன்றிலில் நிகழும் உரையாடலும் இப்பணியைச் செய்தன.

இவ்விடங்கள் ஒவ்வொன்றாய் ஒடுங்கின. 2005இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. அவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டதாயினும், அதற்குள் பல குடும்பங்கள் கரையை விட்டு உள்ளே குடியேறிவிட்டன. இப்போது கரையின் பல பகுதிகளில் உழவு இயந்திரம் வலையிழுக்கின்றது. வயலில் அறுவடை இயந்திரம் ஒரு பகற்பொழுதிலே நெல்லை மூட்டையாக்கி விடுகின்றது. இளைஞர் கட்டார், சவூதி எனக் கடல் கடந்து உழைக்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எண்ணெய் இன்றித் தோணிகள் கரையிலேயே கிடந்தன. உழைத்து ஊட்டுபவன் என்பதே ஆடவனின் மதிப்பாயிருக்கும் சமூகத்தில், உழைப்பு நின்றால் அவன் தன்னைத்தான் மதிப்பதும் நின்றுபோகும். சிலர் குடியை நாடினர், சிலர் வேறு போதையை நாடினர், பலர் வாயடைத்தனர்.

பழமையை மீட்கவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. கரைவலைக் கயிறு உள்ளங்கையைக் கிழித்தது; இழுத்தவனுக்குக் கிடைத்த பங்கு சொற்பம். ஆடவர் வாடியில் அளவளாவிய வேளையிலும் பெண்கள் அடுப்படியிலே இருந்தனர். இயந்திரம் உடல் நோவைக் குறைத்ததை எவரும் பழிக்கலாகாது. அந்நோவோடு சேர்ந்திருந்த கூட்டுறவும் போய்விட்டது. அதற்கு ஈடாக நாம் யாதொன்றும் அமைக்கவில்லை. நம் குறை இதுவே.

மருத்துவம் தன் பங்கைச் செய்யாமல் இல்லை. ஆழிப்பேரலையின் பின், 2005இல், அரசு மனநலக் கொள்கை ஒன்றை வகுத்து, சிகிச்சையைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குப் பரப்ப முற்பட்டது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். சுமித்திரயோ அமைப்பு 1974 முதல் துயருற்றோர் கூறுவதைக் கேட்டு வருகின்றது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கொண்ட சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. இரு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமற்று, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைதூக்குமாயின், அது நோய். காய்ச்சலுக்குச் செல்வது போலவே மருத்துவரிடம் செல்லவேண்டும். நண்பர் பேச்சும் நடைப்பயிற்சியும் அதற்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகா.

எனினும் நண்பர் பேச்சை அற்பமாக எண்ணவும் வேண்டாம். இந்நாட்டின் வரலாறே அதற்குச் சான்று. 1995 அளவில் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் சில தடைசெய்யப்பட்டபின், பத்தாண்டில் அவ்வீதம் ஏறத்தாழப் பாதியாயிற்று. துயரின் காரணங்கள் மறைந்துவிடவில்லை. அவ்வேளையில் கையெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சு அகன்றது, அவ்வளவே. சாவை நாடும் எண்ணம் பெரும்பாலும் ஒரு வேளையின் வெள்ளம் என்பதை இது காட்டுகின்றது. அவ்வேளையைக் கடந்துவிட்டோர் பலர் பின்னர் வாழ்கின்றனர். நஞ்சை அகற்றுதல் அரசின் பணி. அவ்வேளையில் ஒரு மனிதரை அருகில் இருத்துதல் ஊரின் பணி.

பிற நாட்டார் இதற்கு வழி கண்டுள்ளனர். சிம்பாப்வே நாட்டில், மனநல மருத்துவர் தட்டுப்பாட்டினால், டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர் 2006இல் முதிய பெண்களுக்குப் பயிற்சியளித்து, மருந்தகங்களின் முன் ஒரு மரவாங்கில் அமர்த்தினார். வருவோரின் குறையை அப்பாட்டிமார் கேட்டு, ஒரு சிக்கலையேனும் தீர்க்க வழி காண்பர். அங்கு மனத்தளர்ச்சி குறைந்ததை 2016இல் வெளிவந்த ஆய்வு உறுதிப்படுத்தியது. அவுஸ்திரேலியாவில், 1990களில், ஓய்வுபெற்ற ஆடவருக்கென ஊர்தோறும் பட்டறைகள் தோன்றின. அங்கே அவர்கள் மரம் இழைப்பர், பழுதான பொருளைத் திருத்துவர், இடையிடையே பேசுவர். நம் கடற்கரை வாடியையே அவர்கள் வேறு பெயரில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உடற்பயிற்சியும் இவ்வகையிலேயே நோக்கத்தக்கது. வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான பயிற்சி வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நடையும் ஓட்டமும் மனத்தளர்ச்சியைக் குறைப்பதாக ஆய்வுகள் பல கண்டுள்ளன. தனியே நடப்பினும் நன்மையே. இருவராய் நடப்பின், உடலோடு நாவும் இளகும்.

இதனைப் படிக்கும் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை எளியனவே. மாலையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலைத் திடலை, கரப்பந்துக்கும் கிளித்தட்டுக்கும், நாற்பது ஐம்பது வயதினருக்கும் திறந்துவிடலாம். கோவில் பரிபாலன சபையாரும் பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் வைகறை வழிபாட்டுக்குப்பின் கடற்கரையில் ஒன்றாய் நடக்க ஏற்பாடு செய்யலாம். பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் கரை ஒன்றுதானே. பழைய அண்ணாவியாரை அழைத்து இளைஞருக்குக் கூத்துப் பழக்கலாம். வள்ளுவர் நட்பு முதல் கூடாநட்பு வரை ஐந்து அதிகாரங்களை நட்புக்கே ஒதுக்கினார். அவற்றைத் தேர்வுக்கு மனனம் செய்விக்கும் ஆசிரியர், தம்முடன் படித்தவருள் எவரை இப்போது காணோம் என ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

கேட்கும் முறையிலும் நுட்பம் உண்டு. “உனக்கு என்ன குறை?” என்று கேட்டால், “ஒன்றுமில்லை” என்பதே மறுமொழியாகும். “தம்பி, இரவில் உறக்கம் வருகிறதா?”, “காக்கா, இப்போது கடலுக்குப் போகிறீர்களா?” என்று தொடங்கலாம். பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அறிவுரை கூற அவசரப்படலாகாது.

பாண்டிருப்பின் அடுத்த விழாவிலும் பாரதம் நடக்கும்; கூட்டம் திரளும். அக்கூட்டத்தின் ஓரத்தில், எவரோடும் பேசாது ஒருவர் நிற்கக்கூடும். அவருடைய பெயர் ஊராருக்குத் தெரியும். விழா முடிந்து திரும்புகையில் அவருடன் சேர்ந்து நடந்து, அவரது வீட்டு வாசல்வரை செல்லுங்கள்.